ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள்

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு வெளிச்சக் கூடு கட்டுவதை அப்பா எங்களிடம் விட்டுவிடுவார். குடில் ஜோடிப்பது அம்மாவின் பொறுப்பு. உயிர்த்த ஞாயிற்றுக்குக் கொடி கட்டுவது மட்டும் அவருடைய வேலை. அதில் வேறு யாரும் கை வைத்தால் அவருக்குப் பிடிக்காது. ஏணியில் நின்றபடி, வாயில் சணல் துண்டைக் கவ்விக்கொண்டு, கீழே நிற்கும் எங்களை நோக்கிக் கையை நீட்டுவார். ஒரு வெள்ளை கொடுக்க வேண்டும். அடுத்தது ஒரு மஞ்சள். மாற்றிக் கொடுத்தால் மேலிருந்து திட்டு விழும். வாயில் சணல் இருப்பதால் என்ன திட்டு என்று புரியாது. அது எங்களுக்கு ஒரு வசதி.

மஞ்சளும் வெள்ளையும் திருச்சபைக் கொடியின் நிறங்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்பா சொன்ன காரணம் வேறு. "வெள்ள மட்டும் தொங்குச்சுன்னா ஊரு வேற மாதிரி நெனச்சுக்கும்" என்பார். கண்டிப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோட்டோரம் வெள்ளைக் கொடி வரிசையாகத் தொங்கினால் அங்கே ஒரு சாவு வீடு இருக்கிறது. பஸ்கூட அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும்.

கண்டியிலிருந்து திகன போகும் வழியில், ஒரு வளைவுக்கு மேலே எங்கள் வீடு. ரோட்டிலிருந்து மண்ணில் வெட்டிய படிகளில் ஏறி வர வேண்டும். நடுவில் ஒரு பெரிய பலாமரம் நின்றதால் ரோட்டிலிருந்து பார்த்தால் வீடு தெரியாது. வீட்டிலிருந்து பார்த்தால் ரோடும் தெரியாது. படிகளின் அடியில், நாங்கள் கடை நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவரின் பலசரக்குக் கடை. பக்கத்தில் ஒரு சிங்கள வீடு. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் நெந்தா என்று கூப்பிடுவோம், அத்தை என்று அர்த்தம். அந்த வளைவில் வேதக்காரக் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கண்டியில் ஒரு மரக்காலைக்கு வேலைக்கு வந்து, பலகை அறுத்து அந்தத் துண்டு நிலத்தில் குந்தியவர். தன்னுடைய பண்டிகை ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வீறாப்பு என்று அம்மா சொல்வாள். இரண்டும்தான் இருந்திருக்கும்.

நான் சொல்லும் வருடம், வெளிநாட்டுச் சாமான் எதுவும் கப்பலில் வராத காலம். பாண் ரொட்டி வாங்கக் கடை வாசலில் இருட்டோடு போய் நிற்க வேண்டும். அந்தத் தவக்காலம் முழுவதும் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டே திரிந்தார். ஒருசந்தி நோன்பு இருப்பதால் வரும் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டார். பெரிய வாரம் பிறந்து, செவ்வாயோ புதனோ, மரக்காலையில் இரத்தமாக வாந்தியெடுத்து விழுந்துவிட்டார். அங்கிருந்தவர்கள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அப்படி ஏன் செய்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். நேரே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததால்தான், படியடியில் நின்ற லொறியில் படுத்தபடி அவர் என் அக்காவிடம் அதைச் சொல்ல முடிந்தது.

"கொடி கட்டாம விட்றாதீங்க."

அம்மா அவரோடு ஏறிப் போனவள்தான், திரும்பவில்லை. ஆண்கள் வாட்டில் பெண்களை இரவு தங்க விடமாட்டார்கள். கண்டியில் சித்தி வீட்டில் படுத்துக்கொண்டு, பார்வை நேரத்துக்குப் போய் வந்தாள். சேதி எல்லாம் கடை நானா வழியாகத்தான் எங்களுக்கு வரும். அவர் சாமான் எடுக்கக் கண்டிக்குப் போகும்போது ஆஸ்பத்திரிக்கும் போய் வருவார். பெரிய வியாழன் அன்று குடல் புண் வெடித்து ஒப்பரேஷன் செய்தார்கள் என்பதையும், காய்ச்சல் இறங்கவில்லை என்பதையும், ஞாயிற்றுக்கிழமை தாண்டினால்தான் எதையும் சொல்லலாம் என்று டொக்டர் சொன்னதையும் அவர்தான் படியேறி வந்து சொன்னார். அம்மா சொல்லிவிட்டதையும் சொன்னார். ஞாயிறு காலையில் அம்மா வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவாள். அதுவரைக்கும் யாரும் வளைவைத் தாண்டி எங்கும் போகக் கூடாது.

அந்த நாட்களில் படியில் காலடிச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் யாராவது கண்ணை மூடினால் சேதி வீட்டுக்குத்தான் வரும். பொலிஸ்காரர் வருவார், இல்லாவிட்டால் தந்திக்காரர். இதை மரக்காலைக்காரர் ஒருவர் சொல்ல நான் கேட்டுவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளும் என்னிடம் சொல்லவில்லை. தம்பி மட்டும் சின்னவன். அவனுடைய கவலையெல்லாம் பண்டிகை முட்டை எப்போது அவியும் என்பதுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் கொடி வேலை தொடங்கியது. கடைகளில் வர்ணத் தாள் இல்லை. வெள்ளைத் தாள்கூடப் பள்ளிக்கூடத்துக்குப் போதாது. அக்கா அலுமாரியைத் திறந்து அப்பாவின் பழைய வேட்டி ஒன்றையும் கிழிந்த தலையணை உறைகளையும் எடுத்தாள். முக்கோணமாக வெட்டினோம். பாதியைப் பிரித்து வைத்தோம். மஞ்சளுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, அவள் சமையலறையைக் காட்டினாள்.

"சாப்பாட்டு மஞ்சளா?"

"வேற என்ன, ஒங்கப்பன் பெயின்ட் கடையா வச்சிருக்காரு?"

அக்காவுக்குப் பயம் வந்தால் பேச்சு இப்படித்தான் வரும். கிழங்கு மஞ்சள் கொஞ்சம்தான் இருந்தது. கல்லில் அரைத்து, தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பெருக்கி, துணியை முக்கிப் பிழிந்தோம். வேலி மேல் காய வைத்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. பூவரசம் பூவின் மஞ்சள். எங்கள் கைகள் அதைவிட மஞ்சளாக இருந்தன. கடை நானாவிடம் ஏணி வாங்கி, அக்கா ஏறிக்கொண்டு கையை நீட்டினாள். நான் ஒரு வெள்ளை கொடுத்தேன், ஒரு மஞ்சள் கொடுத்தேன். ஒரு தடவைகூட மாற்றிக் கொடுக்கவில்லை. துணி ரோட்டோரத்துக்கும் கீழ்ப்படிகளுக்கும் மட்டும்தான் போதுமாக இருந்தது. மேலே வீட்டு வாசலுக்குத் தென்னங்குருத்தைக் கிழித்துத் தொங்கவிட்டோம்.

கட்டி முடித்தபோது நல்ல வெயில். கடை நானா வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்து, "ஒங்கட வாப்பா கட்டினதுபோலயே ஈக்கி" என்றார். அக்கா ஏணியில் நின்றபடியே அழுதாள். அவர் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டார்.

பின்னேரம் இடி இடித்தது. சித்திரை மாதத்து மழை கண்டிப் பக்கத்தில் சொல்லிவிட்டு வராது. வந்தால் வாளியால் ஊற்றும். நாங்கள் மேலே கதவைச் சாத்திக்கொண்டு முட்டையில் மெழுகால் சிலுவை வரைந்து வெங்காயச் சருகில் அவித்துக்கொண்டிருந்தோம். சுரூபச் சிலையின் மேலும் திரு இருதயப் படத்தின் மேலும் தவக்காலத்து ஊதாத் துணி அப்படியே இருந்தது. இருட்டிய பிறகு, மழைக்கு நடுவில், குன்றின் மறுபக்கத்து எங்கள் வேதக் கோவிலில் உயிர்ப்பு மணி அடித்தது. அந்த மணி கேட்டவுடன் துணியை இழுத்து எடுப்பதுதான் வழக்கம். வழக்கமாக அப்பா எடுப்பார். அக்கா எடுத்தாள். சுரூபத்துக்கு இரண்டு பக்கமும் லில்லிப் பூ வைத்தோம். எங்கள் வீட்டில் அந்த வருடத்துப் பாஸ்கா அவ்வளவுதான். கீழே, இருட்டில், அந்த மழையில் என் அப்பாவின் வேட்டியிலிருந்து மஞ்சள் சொட்டுச் சொட்டாக ரோட்டுக் கான் வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

காலையில் முதலில் வந்தவை கதிரைகள்தாம்.

கடை நானா கடையில் ஆட்கள் உட்காரும் கதிரைகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். முற்றத்தில் வைத்தார். தலையில் தொப்பி இருந்தது. எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னத்துக்கு நானா?" என்று அக்கா கேட்டாள்.

"ஈக்கட்டும் புள்ள. ஆக்கள் வருவாங்கதானே."

இறங்கிப் போய்விட்டார். பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவது உண்டுதான். தோட்டத்திலிருந்து பெரியப்பா வீட்டார் வருவார்கள். ஆனால் அவர்கள் பாயில் உட்காருகிறவர்கள். எந்த வருடமும் யாரும் எங்களுக்குக் கதிரை கொண்டுவந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு வந்தன. பிறகு நாலு பேர் உட்காரும் ஒரு வாங்கு. யார் யாரோ தூக்கி வந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், பேசிப் பழக்கமே இல்லாதவர், எங்கள் வாசல் தென்னங்குருத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சாவு வீட்டு வாசலிலும் குருத்துதான் தொங்கும்.

அதன் பிறகு நெந்தா வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் ஒரு பெரிய கேத்தல் தேத்தண்ணி. அவள் வீட்டுக் கேத்தல் எங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறது? அடுப்பு எரியக்கூடாத வீட்டுக்குத்தான் அயலவர்கள் தேத்தண்ணி கொண்டுவருவார்கள். அவள் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். "அனே, துவே" என்றாள். ஐயோ மகளே என்பதைச் சிங்களத்தில் இதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது. அம்மா இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். நெந்தா அழத் தொடங்கினாள்.

அவ்வளவுதான். யாரும் எதையும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை வீட்டு வாசலில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள். கதிரை கொண்டுவந்து வைப்பார்கள், தேத்தண்ணி ஊற்றுவார்கள், தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்ததை எதற்கு வாயால் சொல்ல வேண்டும்?

அக்கா உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் லில்லிப் பூக்களை எடுத்துக் கீழே வைத்தாள். மடித்து வைத்திருந்த ஊதாத் துணியை எடுத்துச் சுரூபத்தின் மேல் போட்டாள். சுருக்கம் விழாமல் ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன் மூடுற?"

"நானாவுக்குச் சேதி வந்திருக்கு."

"அவரு ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லுவாங்களா? ஒனக்கு அறிவு இருக்கா? கதிர வந்திருக்கு பாரு."

தம்பி நடுவில் வந்து, முட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்டான். அக்கா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் அந்த வயதிலேயே யார் சொல்லையும் லேசில் நம்பாத பிள்ளை. அப்படியிருக்க, யாரும் சொல்லாத ஒன்றை எப்படி நம்புவது? அப்பா செத்திருந்தால் ஒருவராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கதிரையை வைத்து ஒரு மனிதனைச் சாகடிக்க முடியாது. இதெல்லாம் அப்போது இப்படி வார்த்தையாக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கடை நானா இன்னொரு வாங்குக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே போய் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நானா, எங்கப்பா செத்துட்டாரா?"

முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"அல்லாவே. ஒங்களுக்குச் சேதி வரல்லயா புள்ள?"

"ஒங்களுக்குத்தானே சேதி வரும்."

"எனக்கு ஆரும் ஒண்டும் செல்லல்ல." அவர் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தார். "நீங்கதானே கொடி போட்டீக்கிறீங்க."

"அது பண்டிகைக் கொடி. நீங்க பாத்தீங்கதானே நேத்து."

"நேத்துப் பாத்தது வேற கொடி புள்ள. இண்டைக்கு வெள்ளக் கொடி. சேதி வந்து ராவோட மாத்திட்டீங்க எண்டுதான் எல்லாரும்..."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. படிகளில் ஓடினேன். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். பலாமரத்தைத் தாண்டியதும் தெரிந்தது. ரோட்டோரம் நெடுக, வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வெள்ளை. ஒன்று விட்டு ஒன்று கொஞ்சம் அழுக்கு வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. பார்த்தவுடன் எனக்கே அப்பா செத்துப்போனதுபோல இருந்தது.

பின்னால் வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அவள் சொன்னது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அம்மா பஸ்ல வருவாங்க."

அம்மா நேற்றுப் பின்னேரம் பார்வை நேரம் முடிந்து வெளியே வந்தவள். இரவு சித்தி வீட்டில். காலையில் எங்களைக் கூட்டிப் போக நேரே இங்கே வருகிறாள். இரவில் ஆஸ்பத்திரியில் ஏதாவது நடந்திருந்தால் சேதி அவளுக்குப் போகாது, வீட்டுக்குத்தான் வந்திருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். பஸ் வளைவில் திரும்பும்போது அவள் ஜன்னலால் பார்ப்பாள்.

கயிற்றைப் பிடித்து இழுத்தோம். நனைந்த கயிறு அறவில்லை. கடை நானா சீனி மூட்டை அறுக்கும் கத்தியோடு ஓடிவந்தார். ஏணியைத் தேட நேரமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர், அந்தப் பேசாத மனிதர், மதில் மேல் ஏறி ஒரு முனையை அறுத்தார். நெந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே விழுந்த கொடிகளை வாரினாள். எல்லாரும் எங்களைச் சாவு வீடாக நினைத்து வந்தவர்கள், இப்போது எங்களோடு சேர்ந்து அந்தச் சாவை ரோட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தத்துக்குத்தான் எல்லாருடைய காதும் காத்திருந்தது.

பாதிகூட அறுத்து முடியவில்லை. பஸ் வந்தது. வளைவில் வேகத்தைக் குறைத்தது. சாரதி தொப்பியைக் கழற்றினார். பஸ் எங்களைத் தாண்டி, வழக்கமாக நிற்கும் ஹோல்ட்டுக்குப் போகாமல், மதகுக்குப் பக்கத்திலேயே நின்றது.

அம்மா இறங்கினாள். கையில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோகும் பிளாஸ்க். இறங்கிய இடத்திலேயே மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த கொடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையில் இருந்த ஈரத்துணியோடு அவளிடம் ஓடினேன். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷம் என் முகம் முழுக்க இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஓடினேன். அம்மா எழுந்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அப்படி அடித்ததில்லை.

"எத்தன மணிக்குச் சொல்லி அனுப்புனாங்க?" என்று கேட்டாள். அவள் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"யாரும் சொல்லி அனுப்பல. மஞ்சள் கரைஞ்சிருச்சும்மா. மழைல கரைஞ்சிருச்சு."

அவளுக்குப் புரியவில்லை. அக்கா வந்து சொன்னாள். கடை நானா வந்து சொன்னார். நெந்தா அவள் காலைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள். அம்மா என் கையிலிருந்த துணியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்பாவின் வேட்டிக் கரை ஓரத்தில் மட்டும் மெல்லிதாக ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

"உசிரோட இருக்கிற மனுசனுக்குச் சாவு சொல்லிட்டா ஆயுசு கெட்டி" என்று யாரோ சொன்னார்கள். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சேதி வரலைன்னா? இருக்காருன்னு அர்த்தமா?"

அம்மா கேட்டது நியாயம்தான். இரவில் என்ன நடந்தது என்று அந்த வளைவில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. கொடி பொய்யாகிவிட்டதால் அப்பா பிழைத்துவிட்டதாக ஆகாது. சற்று முன் எனக்கு இருந்த சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. கன்னம் எரிந்துகொண்டிருந்தது.

கடை நானா காரை எடுத்தார். பழைய கார், சாமான் ஏற்றுவது. மிளகாய் வாடையில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தோம். பூசைக்குப் போகவில்லை. உயிர்த்த ஞாயிறன்று எங்கள் வீட்டில் பூசைக்குப் போகாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். வழியெல்லாம் அம்மா அந்தக் கொடியை மடியில் வைத்து மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் வந்தாள். தம்பி பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடைத்தான். யாரும் தடுக்கவில்லை.

பார்வை நேரம் ஆகவில்லை என்று ஆஸ்பத்திரிக் காவலாளி கதவைத் திறக்க மறுத்தார். கடை நானா சிங்களத்தில் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தின் நடுவில் அம்மா காவலாளியின் கைக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்விட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனேன். வாட்டின் கடைசியில் அப்பாவின் கட்டில். கட்டிலைச் சுற்றி வெள்ளை மறைப்பு இழுத்துவிட்டிருந்தது.

அம்மா நின்றுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அந்த வெள்ளைத் துணியை எடுக்கவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நின்றாள். எதுவானாலும் நேரில் தெரியட்டும் என்று நான்தான் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

தாதி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, வெளியே போ என்று கத்தினாள். அவள் கையில் பழைய பஞ்சும் கட்டும் இருந்தன. கட்டிலில் அப்பா வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போய், வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தார். அவ்வளவு அசிங்கமாகக் கிடந்த ஒரு மனிதர் அவ்வளவு அழகாக இருந்ததை நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அம்மா குனிந்து காதை வைத்தாள்.

கொடி கட்டினீர்களா என்று கேட்டாராம்.

"கட்டுனாங்க" என்றாள் அம்மா. "ஊரே வந்து பாத்துச்சு."

சொல்லிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். தாதி மறைப்பை மறுபடி இழுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அப்பா தேறிவர மழைக்காலம் முடிந்தது. நடந்ததைக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. கட்டு பிரிந்துவிடும் என்று வயிற்றை அழுத்திக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், "இருங்க, இது என் சாவுக்கு வந்த கதிர" என்று ஒரு கதிரையைக் காட்டுவார். அதை மட்டும் கடை நானா திருப்பி எடுக்காமல் விட்டிருந்தார். அம்மாவுக்கு அந்தப் பகிடி பிடிக்காது. அந்தக் கதிரையில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அப்பா நல்ல வர்ணத் தாள் கிடைத்த காலத்திலும் கொடிகளை ஒவ்வொரு வருடமும் தானே ஏறிக் கட்டினார். எங்களுக்கு நரை வந்த பிறகும் கீழே நின்று எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

அவர் உண்மையாகவே போனது ஓர் ஐப்பசி மாதத்தில், வீட்டில், தூக்கத்தில். காலையில் கதிரைகள் வந்தன. கடை நானா அப்போது இல்லை. அவருடைய மகன் கடையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து, எவ்வளவு தூரத்துக்குக் கொடி கட்ட வேண்டும் என்று முற்றத்தில் நின்று அக்காவிடம் கேட்டார். அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா எழுந்து வெளியே வந்தாள். துணியை வாங்கித் தடவிப் பார்த்தாள். பாதியை எங்கள் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு மஞ்ச அரைங்க" என்றாள். "தண்ணியக் கொறைங்க. கெட்டியா இருக்கட்டும்."

பாதிரியார் என்ன சொல்வார், ஊர் என்ன நினைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்காவும் நானும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி அரைத்தோம். இந்தத் தடவை துணியை நன்றாக ஊறவிட்டோம்.